வெறுமையாக விட்ட ஐந்து கட்டங்கள்

நான் செய்கிற வேலையை அம்மாவுக்கு விளங்கப்படுத்த எடுத்த முயற்சிகளில் ஒன்றுகூட உருப்படவில்லை. திருநெல்வேலியில் பலாலி வீதியோரம் பாத்திரக்கடை ஒன்றின் மேல்மாடியில் எங்கள் கந்தோர். அங்கே இருந்துகொண்டு, நான் கால் வைக்காத நாடுகளில் இருக்கும் ஆட்களுக்கு மென்பொருள் எழுதுகிறேன். அம்மா அதை ஊருக்குச் சொல்லும் விதம்: "அவள் கொம்பியூட்டரிலை ரைப் அடிக்கிறாள்." யோசித்துப் பார்த்தால் அது பிழையும் இல்லை.

அம்மாவின் தமையன், அதாவது என் மாமா, இதைவிட ஒரு படி மேல். கொம்பியூட்டர் என்றால் யாருடைய பக்கமும் சாயாத ஒரு ஆள் என்பது அவருடைய எண்ணம். அந்த ஆளோடு பழகுகிறபடியால் நானும் அப்படித்தான் இருப்பேன் என்று நம்பியிருந்தார். அந்த நம்பிக்கையால்தான் எனக்கு இவ்வளவு கரைச்சலும் வந்தது.

மாமா மயிலிட்டிப் பக்கத்துக் கரைக்காரர். இடம்பெயர்ந்து வந்து, மானிப்பாயில் எங்களுக்கு நாலு வீடு தள்ளி வாடகைக்கு இருந்தார். கடலில்லாத ஊரில் மேசன்மாருக்குச் சீமெந்து குழைத்துக் கொடுத்தே இருபது வருடத்துக்கு மேல் போக்கினார். ஆமி காணியை விட்டதும் முதல் ஆளாகத் திரும்பிப் போய் ஒரு படகும் பழைய எஞ்சினும் எடுத்தார். வீடு மட்டும் கரையிலிருந்து ஒன்றரைக் கட்டை, அதாவது ஒன்றரை மைல், உள்ளே. எஞ்சினைக் கரையில் விட்டுவர இடமில்லை. கடலுக்குப் போகும்போதும் வரும்போதும் அதைச் சைக்கிள் கரியரில் கட்டித் தள்ளிக்கொண்டு நடப்பார். வயது அறுபத்தெட்டு. ஒரு முழங்கால் அவருக்கு முதலே ஓய்வு பெற்றுவிட்டது.

வலையும் எஞ்சினும் வைக்கிற கொட்டிலை அங்கே வாடி என்பார்கள். கரையில் வாடி போட ஒரு துண்டு இடம் கிடைத்தால் இன்னும் கொஞ்சக் காலம் கடலுக்குப் போவேன், கிடைக்காவிட்டால் படகை விற்பேன் என்று மாமா அம்மாவிடம் சொல்லியிருந்தார். விற்றுவிட்டு என்ன செய்வார் என்று அம்மா கேட்கவில்லை. எங்களுக்குத் தெரியும். மானிப்பாய்க்கு வந்து எங்கள் வீட்டு வாசலில் கதிரை போட்டுக்கொண்டு, போகிற வருகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்தக் கரையின் மீனவர் சங்கம் இருபத்தொரு வாடிக்கு இடம் அளந்து வைத்திருந்தது. அங்கத்தவர்கள் முப்பத்திரண்டு பேர். சங்கத்தில் முதலில் சேர்ந்தவருக்கு முதலில் இடம் என்று தீர்மானித்தார்கள். பட்டியலை ஒருவர் கையால் எழுதினால், அவருடைய கை யார் பக்கம் சாய்ந்தது என்ற கேள்வி வரும். கொம்பியூட்டர் எழுதட்டும் என்றார்கள். "என்ரை மருமோள் செய்வாள்" என்று மாமா எழும்பி நின்று சொல்லியிருக்கிறார். என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை.

செயலாளர் ஒரு கொப்பியையும், ஷொப்பிங் பை நிறைய அங்கத்தவர் அட்டைகளையும் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். இருபத்தேழு பேருக்குச் சேர்ந்த வருடம் இருந்தது. ஐந்து பேருக்கு நேரே கொப்பியில் ஒன்றும் இல்லை. மாமாவும் அந்த ஐவரில் ஒருவர். அவர்களுடைய அட்டைகள் இடம்பெயர்வில் போய்விட்டன. சங்கத்தின் பழைய பதிவேடும் அப்படித்தான்.

"அண்ணை, உந்த அஞ்சு பேருக்கும் வருஷம் இல்லையே?"

"உவையளுக்கு என்னத்துக்கு வருஷம்? உவையள் தொடக்கத்திலையிருந்தே இருக்கினம். எல்லாருக்கும் தெரியும்."

"அப்ப நான் என்னெண்டு போடுறது?"

"ஒண்டும் போடாதேங்கோ. வெறுமையா விட்டா மூத்த ஆக்கள் எண்டு அர்த்தம்."

இது அவர் அந்த இடத்தில் கண்டுபிடித்த சட்டம் இல்லை. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததை யாரும் எழுதி வைப்பதில்லை. மரண அறிவித்தலில் வீட்டு விலாசம் இருக்காது. வீடு தெரியாதவன் செத்தவீட்டுக்கு ஏன் வருகிறான் என்ற நினைப்பு. நானும் இந்த ஊரில் பிறந்தவள்தான். ஆகவே ஐந்து கட்டங்களையும் வெறுமையாக விட்டேன், அதில் ஒரு பிழையும் எனக்குத் தெரியவில்லை.

இனி நான் விட்ட பிழைக்கு வருகிறேன். தரவுத்தளம் என்பது கட்டம் போட்ட ஒரு பெரிய கொப்பி. அதனிடம் கேள்வி கேட்க எஸ்கியூஎல் என்று ஒரு மொழி இருக்கிறது. ஒரே மொழி என்றுதான் படிப்பித்தார்கள். வேலைக்கு வந்த பிறகுதான், ஒவ்வொரு தரவுத்தளமும் அதைத் தன் பாட்டுக்குக் கதைக்கிறது என்று தெரிந்தது. "முதல் இருபத்தொரு பேரைத் தா" என்பதை ஒன்று வசனத்தின் தலையில் எழுதச் சொல்லும், மற்றது வாலில் எழுதச் சொல்லும். திகதி எழுதுவதிலும் அதே கதை. நெடுந்தீவாரும் மட்டக்களப்பாரும் கதைப்பது தமிழ்தான், ஆனாலும் ஒருவரை ஒருவர் இரண்டாம் தரம் கேட்கவேண்டி வரும்.

இந்தக் கரைச்சலைத் தீர்க்கத்தான் லைபிரரி என்று ஒன்று வைத்திருக்கிறோம். யாரோ எழுதி வைத்த நிரல்களின் கட்டு அது. எங்களுக்கு வேண்டியதை அதனிடம் ஒரு தரம் சொன்னால் போதும். எதிரில் நிற்பது எந்தத் தரவுத்தளம் என்று பார்த்து, அதற்கு விளங்குகிற எஸ்கியூஎல்லை அதுவே எழுதிக் கொடுக்கும். கலியாணத் தரகர் இரண்டு வீட்டிலும் இரண்டு விதமாகக் கதைத்து ஒரே சம்பந்தத்தை முடித்து வைப்பது மாதிரி. ஆறு வருடமாக அதைப் பாவிக்கிறேன். அது என்ன எழுதிக் கொடுக்கிறது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கத்தை ஐந்து வருடத்துக்கு முதலே விட்டுவிட்டேன்.

நிரலை வீட்டில் என் மடிக்கணினியில் எழுதினேன். அதில் இருந்தது ஒரு கோப்புக்குள் அடங்கிவிடுகிற சின்னத் தரவுத்தளம். சேர்ந்த வருடப்படி அடுக்கு, இருபத்தொன்றுக்குக் கீழே ஒரு கோடு போடு. அவ்வளவுதான் வேலை. ஓட்டிப் பார்த்தபோது வருடம் இல்லாத ஐந்து பேரும் மேலே வந்து நின்றார்கள். செயலாளர் சொன்னது கொம்பியூட்டருக்கும் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். படித்தவளாக இருந்தும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு, சங்கக் கந்தோரில் அவர்களே திறந்து பார்க்கட்டும் என்று எல்லாவற்றையும் இணையத்தில் இருக்கும் சேர்வருக்கு ஏற்றினேன். சேர்வரில் இருந்தது வேறொரு பெரிய தரவுத்தளம். லைபிரரி ஒரு முறைப்பாடும் வைக்கவில்லை. ஒரு எழுத்துக்கூட மாற்ற வேண்டி வரவில்லை. பட்டியல் வருகிறதா என்று மட்டும் பார்த்தேன். வந்தது. அதற்குள் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்கவில்லை.

செயலாளர் அதை அச்செடுத்துச் சங்கப் பலகையில் குத்தினார். அடுத்த நாள் மத்தியானம் கந்தோரில் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது மாமா போன் எடுத்தார்.

"பிள்ளை, லிஸ்ற் பாத்தனான். நல்ல வேலை செய்திருக்கிறாய்."

"அப்பிடியே மாமா."

"சொந்த மாமனைக் கடைசியிலை போட்டிருக்கிறாய் பார், அதுதான் பெரிய விசயம். இனி ஒருத்தரும் வாய் துறக்கேலாது. என்ரை மருமோள் சொந்தம் பந்தம் பாக்காதவள் எண்டு நான் எல்லாருக்கும் சொன்னனான்."

பிரித்த பார்சலைத் தள்ளி வைத்தேன்.

"படகுக்கு ஒரு ஆள் கேட்டு வந்தவர். நாளைக்கு வந்து பாக்கட்டும் எண்டு சொல்லிப்போட்டன். நீ சாப்பிட்டனியே?" என்று அதே குரலில் கேட்டார்.

அவர் கோபப்பட்டுப் பேசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். படகை ஒரு கிழமைக்கு விற்கவேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். சோறு அப்படியே கிடந்தது.

சேர்வரைத் திறந்து பார்த்தேன். ஐந்து மூத்தவர்களும் இருபத்தெட்டிலிருந்து முப்பத்திரண்டு வரை வரிசையாக நின்றார்கள். கோட்டுக்கு நன்றாகக் கீழே. லைபிரரி எழுதிக் கொடுத்த வசனத்தை ஐந்து வருடத்துக்குப் பிறகு பிரித்து வாசித்தேன். வசனத்தில் ஒரு பிழையும் இல்லை. வருடப்படி அடுக்கு என்று நான் சொன்னதை அட்சரம் பிசகாமல் சொல்லியிருந்தது. வெறுமையான கட்டத்தை எங்கே வைப்பது என்று நான் சொல்லவில்லை, அதுவும் சொல்லவில்லை. மடிக்கணினியில் இருந்த தரவுத்தளம், வெறுமை எந்த எண்ணையும்விடச் சிறியது என்று நினைக்கிறது. சேர்வரில் இருந்தது, வெறுமை எந்த எண்ணையும்விடப் பெரியது என்று நினைக்கிறது. இரண்டுக்கும் தம் பாட்டில் நினைத்துக்கொள்ள உரிமை உண்டு என்று விதியிலேயே இருக்கிறதாம். அதை அன்றைக்குத்தான் வாசித்தேன்.

திருத்துவதற்கு ஒரே ஒரு சொல் போதும். வெறுமையை முதலில் வை என்று நிரலில் சேர்த்தால், லைபிரரி அதையும் ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் ஏற்றபடி எழுதிக் கொடுக்கும். நிரலைத் திருத்த ஒரு நிமிடம் ஆனது. பலகையில் குத்தியிருக்கிற காகிதத்தைத் திருத்துவதுதான் பிறகு பெரிய பாடாகப் போயிற்று.

பின்னேரம் ஸ்கூட்டியில் கரைக்குப் போனேன். செயலாளர் முழுக்கக் கேட்டுவிட்டு, "போட்ட லிஸ்ற்றைக் கழட்டிப்போட்டு உங்கடை மாமாவை மேலை ஏத்தி வேறை ஒண்டு குத்தினா, சனம் என்னைக் கடலுக்கை தள்ளும்" என்றார். மாமா அதைவிட மோசம்.

"நீ என்னை மேலை ஏத்தினா நான் கரையிலை முகம் காட்டேலாது. நேற்று முழுக்க உன்ரை நேர்மையைப் பற்றிக் கதைச்சவன் நான்."

"மாமா, அது நேர்மை இல்லை. பிழை."

"அது உனக்கும் எனக்கும் தெரியும். சனத்துக்கு?"

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட ஏலாது என்பது சும்மா வந்த பழமொழி இல்லை. ஆனால் எனக்கும் பிடிவாதம் உண்டு. பொய்யாகக் கிடைத்த நல்ல பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மற்ற நாலு பேருக்கும் மருமகள் கிடையாது, அவர்கள் ஏன் இடத்தை இழக்கவேண்டும் என்று கேட்டேன். செயலாளர் தலைவருக்குப் போன் எடுத்தார். கூட்டம் போடுவது என்று முடிவானது.

காற்று அடித்து ஒருவரும் கடலுக்குப் போகாத ஒரு நாளில் கூட்டம் நடந்தது. சங்கக் கட்டடத்தில் பிளாஸ்ரிக் கதிரைகளில் முப்பத்திரண்டு பேரும் இருந்தார்கள். நான் மடிக்கணினியோடு முன்மேசையில் இருந்து, நடந்ததை ஒன்றும் ஒளிக்காமல் சொன்னேன். என் வாழ்க்கையில் வெறுமையான கட்டத்தைப் பற்றி இவ்வளவு கவனமாகக் கேட்ட சபையை அதற்கு முதலும் காணவில்லை, பிறகும் காணவில்லை.

"அப்ப ரெண்டு கொம்பியூட்டரும் ரெண்டு விதமாச் சொல்லுது. எது உண்மை?" என்று ஒருவர் கேட்டார்.

"ரெண்டுக்கும் தெரியாது ஐயா. நாங்கள்தான் சொல்லிக் குடுக்கவேணும்."

"நடுவிலை நிண்ட உந்த லைபிரரி?"

"நான் சொன்னதைச் சொன்னது. நான் சொல்லாததை அது கேக்கேல்லை."

"அதென்ன, உங்கடை மாமா கீழை போனாப் பிறகுதானே பிழை எண்டு கண்டுபிடிச்சனீங்கள்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அது உண்மைதான். மாமா போன் எடுத்திராவிட்டால் நான் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். அதையும் சொன்னேன்.

சங்கத் தலைவர் கதை குறைந்த மனிதர். கடைசியில் எழும்பி முடிவைச் சொன்னார். "இனி வெறுமை எண்டு ஒண்டும் இருக்கக்கூடாது. அஞ்சு பேருக்கும் வருஷம் போடவேணும். முந்தியே சங்கத்திலை இருந்தவை எண்டதுக்கு ஒரு சாட்சி வேணும். சொந்தக்காரற்றை சாட்சி எடுபடாது. போனிலை சொல்லுறதும் எடுபடாது. சாட்சி இல்லாட்டித் திரும்பி வந்து பதிஞ்ச வருஷத்தைத்தான் போடலாம்."

நாலு பேருக்குச் சபையிலேயே சாட்சி கிடைத்தது. ஒருவருடைய வருடத்தை, தன் மூத்த மகள் பிறந்த வருடத்தை வைத்து ஒருவர் சொன்னார். இன்னொருவருடையதைத் தமக்கையின் கலியாணத்தை வைத்துச் சொன்னார்கள். நான் ஒவ்வொன்றாக அடிக்க, அந்த நாலு பேரும் கோட்டுக்கு மேலே வந்தார்கள், வேறு நாலு பேர் கோட்டுக்குக் கீழே போனார்கள். கீழே போனவர்களின் முகத்தை நான் பார்க்கவில்லை. ஒவ்வொரு தரமும் புது வரிசையைச் செயலாளர் சத்தமாக வாசித்தார். இருபத்தோராவதாக, கோட்டுக்குச் சரி மேலே, ஐம்பத்தெட்டு வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றார். மூன்றாம் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

மிச்சம் மாமா. அவரோடு தொழில் செய்தவர்களில் மூன்று பேர் செத்துப்போனார்கள். ஒருவர் கனடாவில் இருக்கிறார். உயிரோடு இருந்தாலும் போனில்தான் இருக்கிறார். சபையில் சாட்சி சொல்ல ஒருவரும் எழும்பவில்லை. அவர் தொடக்கத்திலிருந்தே இருப்பவர் என்று எல்லோருக்கும் தெரியும் என்றுதான் செயலாளர் சொல்லியிருந்தார். அந்த எல்லோரும் எங்கே போனார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

"சரி பிள்ளை, பதிஞ்ச வருஷத்தைப் போடு. நேரம் போகுது" என்றார் மாமா. நான் விசையில் கை வைத்தேன்.

"பொறுங்கோ. அடியாதேங்கோ."

எழும்பி வந்தவர் அந்த இருபத்தோராம் ஆள். சேட்டுப் பொக்கற்றிலிருந்து பொலித்தீனில் சுற்றிய தன் அங்கத்தவர் அட்டையை எடுத்து மேசையில் வைத்தார்.

"அண்ணை, உங்கடை வருஷம் முதலே போட்டிட்டன்" என்றேன்.

"வருஷம் இல்லை. அதுக்குக் கீழை பாருங்கோ."

கீழே 'முன்மொழிந்த அங்கத்தவர்' என்று அச்சடித்திருந்தது. அதற்கு நேரே மாமாவின் கையெழுத்து. அந்த அட்டை இரண்டு கிழமைக்கு முதல் என் கையில் இருந்தது. வருடத்தைப் பார்த்து அடித்துவிட்டுத் திருப்பிப் பைக்குள் போட்டவள் நான். முன்மொழிந்தவருக்கு என் அட்டவணையில் கட்டம் இருக்கவில்லை.

"என்னைச் சங்கத்திலை சேர்த்துவிட்டவர் உவர்தான்" என்று அவர் தலைவரைப் பார்த்துச் சொன்னார். "ஒரு வருஷமாவது அங்கத்தவரா இருந்த ஆள்தான் கையெழுத்து வைக்கலாம். அப்ப உவருக்கு என்ரை வருஷத்துக்கு ஒரு வருஷம் முந்திப் போடுங்கோ. கூடப் போடவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

ஒரு வருடம் முந்தினால் என்ன நடக்கும் என்று அந்தச் சபையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். செயலாளர்தான் அன்று காலை முழுக்க வரிசையை வாசித்தாரே.

தலைவர் அட்டையை வாங்கிப் பார்த்தார், செயலாளர் பார்த்தார். பிறகு மாமாவிடம் போயிற்று. மாமா கண்ணாடி கொண்டுவரவில்லை. கையை நீட்டி, அட்டையைத் தூரப் பிடித்துப் பார்த்தார்.

"உது நான் வைச்சதுதான். அப்ப நல்ல எழுத்து" என்றார். அட்டைக்காரர் பக்கம் திரும்பி, "உன்னைச் சேர்க்க வேண்டாமெண்டு அப்பவே ரெண்டு பேர் எனக்குச் சொன்னவங்கள்" என்றார்.

சபை சிரித்தது. அவரும் சிரித்தார். மாமா மட்டும் சிரிக்கவில்லை. அட்டையைப் பொலித்தீனில் திரும்பச் சுற்ற அவருக்குக் கன நேரம் எடுத்தது.

நான் வருடத்தை அடித்தேன். ஒரு கட்டமும் வெறுமையாக இல்லை. பட்டியலை மடிக்கணினியிலும் எடுத்தேன், சேர்வரிலும் எடுத்தேன், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

"எனக்கு எத்தினையாவது?" என்று அட்டைக்காரர் கேட்டார்.

"இருபத்திரண்டு அண்ணை."

"ஓம்" என்றார்.

ஆறு வருடத்தில் எத்தனையோ பட்டியல்கள் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். சரியான ஒரு பட்டியலுக்காக வெட்கப்பட்டது அந்த ஒரு நாள்தான். அவருடைய வீடு கரையிலிருந்து எத்தனை கட்டை என்று கேட்க நினைத்தேன். கேட்கப் பயமாக இருந்தது, கேட்கவில்லை. மாமா என் பக்கத்தில் வந்து நின்றார். பிறகு வெளியே போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

செயலாளர் புதுப் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு பலகைக்குப் போனார். மேல் இரண்டு மூலைக்கும் ஊசி குத்திவிட்டார். கீழ்ப்பக்கம் காற்றுக்கு எழும்பி எழும்பி அவருடைய முகத்தில் அடித்தது. ஒரு கையில் ஊசி டப்பா, மற்றக் கையில் பழைய பட்டியல். அந்த இருபத்திரண்டாம் ஆள்தான் போய், கடதாசியின் கீழ்ப்பக்கத்தை உள்ளங்கையால் பலகையோடு சேர்த்து அமத்திப் பிடித்தார். செயலாளர் ஊசி குத்தி முடிக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றார்.